அரை நாள் பெண்களுக்காக யார் பேசுவது?

பூன் லே பக்கத்துத் தொழிற்சாலைகளில் பகுதி நேரமாக வேலை செய்யும் பெண்களைச் சங்கத்தில் சேர்க்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒருவர், "அக்கா, நாங்க எவ்வளவோ செய்யத் தயாரா இருக்கோம். அவங்கதான் மீட்டிங்குக்கே வரமாட்டேங்கிறாங்க. ஏன்னு புரியல" என்றார். அந்த 'ஏன்னு புரியல' எனக்குப் பிடித்திருந்தது. புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவர் இந்த வேலைக்கு லாயக்கானவர். சங்கத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும், எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்த நல்லவர்கள் செய்த சேதத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

அன்று பதில் சொல்லாமல் உங்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். பதிலாக இல்லை, நான் பார்த்த முதல் தொழிலாளர் பிரதிநிதியின் கதையாக. வேடிக்கை என்னவென்றால், அப்போது சங்கம் என்ற ஒன்றே கிடையாது. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே யாருக்கும் தைரியம் கிடையாது.

ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்து, அதற்குச் சியோனான் என்று பெயர் மாற்றியிருந்த காலம். ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சந்தில், இரும்புச் சாமான் கடைகளுக்குப் பின்னால் ஒரு சாக்குக் கிடங்கு இருந்தது. கிழிந்த கோணிச் சாக்குகள் லாரியில் வந்து குவியும். அவற்றை உதறி, ஒட்டுப்போட்டுத் தைத்து, ராணுவத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆண்கள் சுமந்தார்கள், உதறினார்கள், கட்டினார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்தார்கள். சணல் தூசு காற்றில் எப்போதும் மிதக்கும். வெயில் விழும் இடத்தில் அது பொன்னிறமாகத் தெரியும். அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருமுவோம்.

எனக்கு அங்கே மொழிபெயர்ப்பு வேலை. நான் படித்த பள்ளியை மூடிவிட்டு அதே வகுப்பறையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பயந்து போய் உட்கார்ந்தேன். வணக்கம், எண்கள், சில பாட்டுகள், கொஞ்சம் இலக்கணம், அவ்வளவுதான். அந்த மொழியில் சண்டை போடவும் தெரியாது, கெஞ்சவும் தெரியாது. ஆனால் கிடங்கில் மற்ற யாருக்கும் அதுவும் தெரியாது என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள்.

கிடங்குக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பானிய அதிகாரி கண்ணாடி போட்டவர். ஊரில் ஏதோ நெசவாலையில் இருந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். அவர் குரலை உயர்த்தமாட்டார். அடிக்கும்போதும் உயர்த்தமாட்டார். அதனாலேயே எங்களுக்கு அவரிடம் கூடுதல் பயம். வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காக, தொழிலாளர்கள் சார்பில் ஒரே ஒரு ஆள் வாரத்துக்கு ஒரு முறை தன் முன்னால் வந்து பேசலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்.

அந்த ஆளை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிட்டோம். பெயர் வேண்டாம், இன்று உயிரோடு இருந்திருந்தால் அவரே அதை விரும்பியிருக்கமாட்டார். சண்டைக்கு முன்பு துறைமுகத்தில் சங்க வேலை பார்த்தவர். அது தெரிந்தால் தலை தப்பாது என்பதால் சங்கம், கோரிக்கை, உரிமை என்ற சொற்களையே பேச்சிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அதிகாரியின் முன்னால் 'வேண்டுகோள்' என்றுகூடச் சொல்லமாட்டார். "இப்படி இருந்தால் சாக்கு நன்றாகத் தைக்கலாம்" என்பார். குடிதண்ணீர்க் குழாய் வந்ததும், கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துக் காற்றுக்கு வழி செய்ததும் அப்படித்தான். கெட்டிக்காரர், நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர்.

தைக்கும் பெண்களில் பெரும்பாலோர் அரை நாள் வேலைக்காரர்கள். காலையில் ஒரு கூட்டம் வரும், மத்தியானம் அது எழுந்து போக, அதே இடங்களில் இன்னொரு கூட்டம் வந்து உட்காரும். முழு நாள் வேலை செய்பவர்களுக்கு மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் கொஞ்சம் அரிசியும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி உண்டு. அரை நாள் பெண்களுக்குக் கிடையாது. கஞ்சி வாசம் பரவும் நேரத்தில்தான் ஒரு கூட்டம் பசியோடு போகும், இன்னொரு கூட்டம் பசியோடு வரும். கிடங்கில் அவர்களுக்கு 'ஹன்னின்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'ஹன்' என்றால் அரை, 'நின்' என்றால் ஆள். யார் ஒட்டவைத்தார்களோ தெரியாது. அரை ஆள்.

அண்ணனுக்கு அந்தக் கஞ்சி விஷயம் உறுத்தியது. ஒரு நாள் அதிகாரியிடம் என்னை வைத்துப் பேசினார். "இந்தப் பெண்களையும் முழு நாள் ஆக்கினால், சாக்கு அதிகமாகத் தைக்கலாம்" என்றார். அதிகாரி யோசிக்கவே இல்லை. உடனே சரி என்றார். அடுத்த வாரத்திலிருந்து அரை நாள் என்பதே கிடையாது, எல்லாருக்கும் முழு நாள், எல்லாருக்கும் கஞ்சி, வர முடியாதவர்கள் வேறு வேலைக்கு அனுப்பப்படுவார்கள் என்றார். அந்தக் கடைசிப் பகுதியை மொழிபெயர்த்தபோது என் குரல் கொஞ்சம் இறங்கியது. வேறு வேலைக்கு என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்த யாரையும் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அண்ணனின் காதில் கஞ்சி மட்டும்தான் விழுந்தது.

காலைக் கூட்டமும் மத்தியானக் கூட்டமும் மாறும் நேரத்தில் குழாயடியில் நின்று அறிவித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே உங்கள யாரும் அரை ஆளுன்னு சொல்ல முடியாது. எல்லாரும் முழு ஆளு. கஞ்சியும் உண்டு."

யாரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அது கைதட்டும் காலம் இல்லை. ஆனால் ஒரு முகத்திலாவது ஒளி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆவுடை என்ற ஒருத்தி மட்டும், "சரி, நல்லதுதான்" என்றாள். அவள் சண்டைக்கு முன்பு காய்கறி விற்றவள், தனிக்கட்டை, யாரிடமும் ஒட்டமாட்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பசியோடு இருப்பவருக்குக் கஞ்சி கிடைக்கிறது என்றால் ஏன் முகம் இருள வேண்டும்? அன்று எனக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை. காலைக் கூட்டத்தில் சிகப்பி என்ற பெண் எப்போதும் ஓட்டமும் நடையுமாகத்தான் வீட்டுக்குப் போவாள். அவளோடு சேர்ந்து நானும் நடந்தேன்.

"எங்க வர்ற தங்கச்சி?" என்றாள்.

"சும்மாதான். கஞ்சி கிடைக்கும்னு சொன்னதும் ஏன் எல்லாரும் அப்படி நின்னீங்கன்னு கேக்கலாம்னு."

"வா. வந்து பாரு. சொன்னா வெளங்காது."

சிராங்கூன் சாலைக்குப் பின்புறம், மாட்டுக் கொட்டகைகள் இருந்த பகுதியில் ஒரு நீள வீடு. அதில் ஒரு அறை. கதவைத் திறந்ததும் இரண்டு கைக்குழந்தைகளின் அழுகை. பாயில் ஒரு ஆள் படுத்திருந்தார், குண்டு வீச்சில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அவர் ரோசம்மாவின் கணவர். மத்தியானக் கூட்டத்தில் சிகப்பி எழுந்து போகும் அதே இடத்தில் வந்து உட்காருபவள்தான் ரோசம்மா. வழியில் எங்களுக்கு எதிரே வேகமாக வந்தவள், நிற்காமலேயே, "சின்னவனுக்குச் சூடு கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சிகப்பி கை கால் கழுவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒரு குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தாள். அது தூங்கியதும் அடுத்ததை எடுத்தாள்.

"எது உங்களோடது?" என்று கேட்டேன்.

"இப்ப குடிக்கிறது. மொதல்ல குடிச்சது அவளோடது. அவளுக்குப் பால் வத்திப் போச்சு. இவன் அப்பன சயாம் ரயில் வேலைக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. காலைல அவ ரெண்டையும் பாத்துக்குவா, ரேஷனுக்கு நிப்பா, அவ வீட்டுக்காரரக் குளிப்பாட்டுவா. மத்தியானத்துக்கு மேல நான். இப்ப சொல்லு. ரெண்டு பேரும் முழு நாள் அங்க உக்காந்தா, இங்க யாரு உக்கார்றது?"

படுத்திருந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இப்படித்தானா?" என்றேன் கடைசியில்.

"இப்படியேன்னு சொல்ல முடியாது. ஒவ்வொருத்திக்கும் ஒண்ணு. ஒருத்தி மரவள்ளி போட்டிருக்கா, ஒருத்தி மாமியாருக்குக் கண்ணு தெரியாது. ஆனா ஆவுடையத் தவிர, தனியா அரை நாள் வர்றவ யாரும் இல்ல. எல்லாம் ஜோடிதான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. தினமும் அந்தப் பெண்களைப் பார்த்தோம். இரண்டு கூட்டமாகப் பார்த்தோம். இரண்டிரண்டு பேராகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சிகப்பியும் ரோசம்மாவும் சேர்ந்து வந்தார்கள். குழந்தைகளைப் பக்கத்து அறைக்காரியிடம் கொஞ்ச நேரத்துக்கு விட்டிருந்தார்கள். சாக்கு அடுக்குகளுக்குப் பின்னால் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "நான் உங்களுக்காக உசிரக் கையில புடிச்சிக்கிட்டுப் போய்ப் பேசிட்டு வர்றேன். கஞ்சி வேணாமா?"

"கஞ்சி வேணும்ண்ணே" என்றாள் ரோசம்மா. "வீட்டுக்கும் போகணும்."

"ரெண்டும் எப்படி?"

"அத நீங்க கேக்கறதுக்கு முந்தி எங்களக் கேட்டிருந்தா, ஒக்காந்து யோசிச்சிருக்கலாம்ல?"

சிகப்பி அந்த அறையைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவருடைய கோபம் போய் முகத்தில் பயம் வந்தது. நேற்று தானே கேட்டு, தானே வாங்கிய ஒன்றை இன்று வேண்டாம் என்று ஒரு ஜப்பானிய அதிகாரியிடம் சொல்வது விளையாட்டு இல்லை. உத்தரவை மறுப்பது நாசவேலை என்று எடுத்துக்கொள்ளப்படலாம். அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டவர்களின் வீட்டுக்கு ராணுவப் போலீஸ் வரும்.

அவர் கையிலிருந்த சாக்கை மடித்து அடுக்கில் வைத்தார். பிறகு, "நான் திரும்பப் போனா, நேத்து பொய் சொன்னவனாயிடுவேன்" என்றார். "நீங்களே வர்றீங்களா? நான் கூட நிக்கிறேன். பேச்சு உங்களோடதா இருக்கட்டும்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோசம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அன்று பேச அனுமதி உள்ள நாள் இல்லை, ஆனாலும் போனோம். அதிகாரி முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் குனிந்து வணங்கிவிட்டு ஒதுங்கி நின்றார். ரோசம்மா தைரியசாலி. நான் வாயைத் திறப்பதற்குள், தன்னை யாரென்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கிடங்கில் தினமும் காதில் விழும் சொல்லை எடுத்து, தன்னையும் சிகப்பியையும் காட்டி, ஜப்பானிய மொழியிலேயே சொன்னாள்.

"ஹன்னின்."

அதிகாரி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய முகம் மாறிய விதம் எனக்குப் புரியவில்லை. மெதுவான குரலில், "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். ரோசம்மா, "என்ன செஞ்சோம்? சாக்குத் தைச்சோம்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

"சாக்கில் என்ன?"

"சாக்குல என்ன இருக்கும்? ஓட்டைதான் இருக்கும்."

அதையும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். மேசையோரம் சாத்தியிருந்த பிரம்பின் மேல் கை போயிற்று. எங்கள் நான்கு பேருக்கும் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது, அதே ஓசையில் அந்த மொழியில் இன்னொரு சொல் இருக்கிறது, குற்றவாளி என்று பொருள். இரண்டு பெண்கள் வந்து நின்று, நாங்கள்தான் குற்றவாளிகள், சாக்கில் செய்தோம், ஓட்டை போட்டோம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!

அண்ணனுக்கு மொழி தெரியாது, ஆனால் ஏதோ ஒரு சொல் இடறிவிட்டது என்பது தெரிந்துவிட்டது. முன்னால் வந்து ஒரு கையை நீட்டி, மறு கையால் அதை நடுவில் வெட்டுவதுபோலக் காட்டினார். பிறகு சூரியனைக் காட்டினார். உச்சியைக் காட்டினார். மறுபடியும் வெட்டினார். நான் அதைப் பார்த்து, "அரை நாள்! அரை நாள்!" என்று ஜப்பானிய மொழியில் கத்தினேன்.

அதிகாரி பிரம்பிலிருந்து கையை எடுத்தார். "ஹன்... நின்" என்று சொல்லைப் பிரித்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். உட்கார்ந்து, யார் உங்களுக்கு இந்தப் பெயர் வைத்தது என்று கேட்டார்.

அப்போது சிகப்பி பேசினாள். அதுவரை வாயே திறக்காதவள். "அரை ஆளுன்னு சொல்றாங்கல்ல. மிச்ச அரை எங்க இருக்குன்னு கேக்கச் சொல்லு, தங்கச்சி."

சொன்னேன். அவர் நிஜமாகவே கேட்டார். "எங்கே இருக்கிறது?"

அவள் சொன்னாள். குழந்தைகளை, பாலை, படுத்திருக்கும் மனிதரை. எனக்குத் தெரிந்த சொற்கள் அதற்குப் போதவில்லை. 'பால்' தெரியும், 'வற்றியது' தெரியாது. 'இல்லை' என்றேன். 'படுக்கை' தெரியும், 'செயலிழந்த' தெரியாது. 'நடக்க இல்லை' என்றேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, இருவர் ஒரே இடத்தில் மாறி மாறித் தைத்தால் தையல் மாறாதா, மத்தியானம் மாறும்போது நேரம் வீணாகாதா என்று வரிசையாகக் கேட்டார். நெசவாலைக்காரரின் கேள்விகள். பெண்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். மத்தியானத்தில் வருகிறவளின் கை இன்னும் களைக்காத கை, அதனால் தையல் இறுக்கமாக விழும் என்றாள் ரோசம்மா.

கடைசியில் அவர் சொன்னது இது. அரை நாள் இருக்கட்டும். ஓர் இடத்துக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, இருவரும் எப்படியாவது பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இனி ஒரு ஜோடி என்பது ஓர் ஆள். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவளுக்குத் தண்டனை. சரியா?

கேள்வியை அவர் பெண்களிடம் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

நீங்கள் எல்லாரும் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். எதிரே முதலாளி, கையில் நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி, 'சரி' என்ற ஒரு சொல்தான் பாக்கி. நேற்றைய அண்ணனாக இருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார். இன்று அவர் என்னைப் பார்த்து, "இதுக்கு நான் பதில் சொல்ல முடியாதுன்னு சொல்லு. அடி வாங்கப்போறது நான் இல்ல. அவங்களத்தான் கேக்கணும்" என்றார்.

அதை எப்படிச் சொல்வது? அந்த அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. மென்மையாக்கிச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னிடம் மென்மையான சொற்கள் இல்லை. இருந்த சொற்களில் அப்படியே சொன்னேன்.

அவர் அண்ணனை வெகுநேரம் பார்த்தார். "இன்றைக்குள்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் மாறும் நேரத்தில் பெண்கள் குழாயடியில் கூடினார்கள். அண்ணன் நிபந்தனையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். இரண்டு முறை பேச வந்து நிறுத்திக்கொண்டார்.

"அவ காய்ச்சல்ல படுத்தா நான் அடி வாங்கணுமா?" என்றாள் ஒருத்தி.

"நீ படுத்தா நான் வாங்கமாட்டேனா?" என்றாள் அவளுடைய ஜோடி.

"அடி வாங்கறது பெருசில்ல. நான் படுத்துக்கிட்டு, இவ அங்க அடி வாங்குறான்னு நெனச்சுக்கிட்டே கெடக்கணுமே. அதுதான்" என்றாள் சிகப்பி.

ஆவுடை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். "எனக்கு இந்தச் சோலியே வேணாம். நான் முழு நாள் வர்றேன். எனக்கு வீட்டுல யாரு இருக்கா? கிண்ணத்துல பாதிய இன்னொருத்திக்கு நான் ஏன் குடுக்கணும்?"

சிலர் அவளை முறைத்தார்கள். அண்ணன் அப்போதுதான் பேசினார். "அவங்க சொல்றதும் சரிதான். முழு நாள் வேணும்ங்கறவங்களுக்கு முழு நாளு. அதையும் சேத்துத்தான் போய்ச் சொல்லணும்."

எனக்கு அது இன்னொரு ஆச்சரியம். ஒரே கோரிக்கை, ஒரே குரல் என்றால்தான் பலம் என்று நினைத்திருந்தேன். குழாயடியில் எழுந்த குரல்கள் ஒன்றுபோல் இல்லை. அவர் எல்லாவற்றையும் அப்படி அப்படியே எடுத்துக்கொண்டு போனார். பெரும்பாலான ஜோடிகள் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டன. ஒரு ஜோடி பிரிந்து, இருவரும் முழு நாளுக்கு மாறினார்கள். ஆவுடை முழு நாள். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் ரோசம்மாவுக்கு மலேரியா. காலையில் சிகப்பி தைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் அவள் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தது தெரிந்தது. இரண்டு குழந்தைகளையும் இரண்டு நோயாளிகளையும் விட்டுவிட்டு அவளாலும் திரும்பி வர முடியவில்லை. மத்தியானக் கூட்டம் உட்கார்ந்தது. அந்த ஓர் இடம் மட்டும் காலியாகத் தெரிந்தது, வரிசையில் விழுந்த பல்லைப்போல. அதிகாரி வரும் நேரம். அடுத்த நாள் காலை சிகப்பி வந்ததும் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த இடத்தில் தைத்துக்கொண்டிருந்தவள் ஆவுடை. ஒன்றும் பேசாமல் தன் சாக்கை எடுத்துக்கொண்டு ரோசம்மாவின் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி வந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் காலி இடத்தில் நின்றார். "இது யாருடைய இடம்?"

"என்னோடது" என்றாள் ஆவுடை, ஊசியை நிறுத்தாமல்.

"நீ எங்கே போனாய்?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

அவருக்கு விளங்கிவிட்டது என்று கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் ஜோடியில் சேராதவள். தன் இடத்தை விட்டு நகர்ந்த குற்றம் அவளுடையது மட்டும். அதற்காக வேறு யாரையும் தண்டிக்க அவருடைய சட்டத்திலேயே வழி இல்லை. அவர் அவளை முற்றத்தில் தலைமேல் சாக்குக்கட்டோடு நிற்கச் சொன்னார். மழை விட்டு, கொடூரமான வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டுப் போனார். இன்னொரு சாக்குக்கட்டை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. அதிகாரி வெளியே வந்து இருவரையும் பார்த்தார். பிரம்பு கையில் இருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஏன் போனார் என்று நானும் பல வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். இரக்கமா, அலுப்பா, சாக்கு அனுப்ப வேண்டிய அவசரமா? தெரியவில்லை. சில மாதங்களில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் சிகப்பி ஆவுடையிடம் போய் நின்றாள். "நீங்க ஏன் அக்கா?"

"எனக்குத்தான் ஜோடி இல்லையே" என்றாள் ஆவுடை. "அடிச்சாலும் என்னோட போச்சு. நகரு, வெளிச்சத்த மறைக்காத."

அதற்குப் பிறகு எந்த இடம் காலியானாலும், முழு நாள் பெண்களில் ஒருத்தி நகர்ந்து உட்காருவது வழக்கமாயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை.

ஜப்பான்காரர்கள் போனார்கள். சங்கம் என்ற சொல் வெளிச்சத்துக்கு வந்தது. துறைமுகப் பழைய நண்பர்கள் அண்ணனைத் தேடி வந்தார்கள். கிடங்குகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்குவதற்காக, சிராங்கூன் சாலையில் ஒரு மாடி அறையில் முதல் கூட்டம். என்னை வரவேற்பு வேலைக்கு வைத்திருந்தார்கள். சிகப்பியும் ரோசம்மாவும் ஆவுடையும் வந்தார்கள். விதிகளை வாசித்த நண்பர் நல்ல மனிதர், படித்தவர். "முழு நேரத் தொழிலாளர்கள் உறுப்பினராகலாம்" என்று வாசித்தார்.

ஆவுடை எழுந்து, "அப்ப நான் உறுப்பினர், இவங்க ரெண்டு பேரும் இல்லையா?" என்றாள்.

"அவங்க நலனையும் நாங்க பாத்துக்குவோம்மா" என்றார் அவர். "முழு நேர ஆட்கள் அவங்களுக்காகவும் பேசுவாங்க."

எதிரியின் ஆள் காது கொடுத்துக் கேட்ட ஒன்றை நம்முடைய ஆட்கள் கேட்கத் தயங்குகிறார்களே என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அண்ணன் மேடையில் இருந்தார். எழுந்து ஏதாவது சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தோம். அவர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சிகப்பியின் முன்னால் போட்டார். பிறகு போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

சிகப்பி அதில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு ஆண்களுக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை. எதையோ கோரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசை" என்றாள். "இப்ப, மத்தியானத்துல, உங்க உங்க வீட்டுல யாரு இருக்கா?"

சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்பது தெரிந்ததும் அறை அமைதியாயிற்று. பின்வரிசையில் லாரி ஓட்டும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"எங்க வீட்டுல இப்ப என் மச்சினிச்சி இருக்காங்க. என் சம்சாரம் வேலைக்குப் போயிருக்கு. அரை நாள் வேலைதான்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் உறுப்பினராக முடியாதுன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது" என்றார்.

அவர் உட்காருவதற்குள் பக்கத்தில் இன்னொருவர் எழுந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். விதிகளைக் கையில் வைத்திருந்த நண்பர் தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்து, கேட்க ஆரம்பித்தார்.